ஊசிப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்

முடக்குவாத நோயாளர்களுக்கு நாங்கள் எழுதித் தரும் சீட்டில் பல ஆண்டுகளாக ஒரு வரி இடம்பெற்று வந்தது: "கைகளுக்கு ஓய்வு தேவை." மூன்றே சொற்கள். எழுதும்போது எங்கள் மனத்தில் ஒரு பொருள் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது வேறொரு பொருளாகிவிட்டிருந்தது. அந்த வேறுபாட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். குடும்பத்தாரிடம் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் ஒன்று இதில் உண்டு. எங்கள் தவற்றை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே அதனை வைப்பது முறை.

அறுபதை நெருங்கும் அம்மையார் ஒருவர் எங்களிடம் சிகிச்சைக்கு வந்திருந்தார். மருந்துகள் தொடங்கி, விரல்களின் வீக்கம் வடியத் தொடங்கியிருந்த நேரம். வழக்கமான அந்த வரியையும் எழுதி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து அவர் வந்தபோது இரத்தப் பரிசோதனை முடிவுகள் முன்னிலும் நன்றாக இருந்தன. விரல்களோ முன்னிலும் இறுகியிருந்தன. கையை முழுதாக மூட அவரால் முடியவில்லை. முகத்திலும் ஒரு வாட்டம். வீட்டில் பொழுது எப்படிக் கழிகிறது என்று கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அவர் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர். தெருமுனைத் தையற்கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளை அவருக்கென ஒரு பையில் சேர்த்து வைத்திருப்பார்களாம். ரவிக்கைத் துணியின் ஓரங்கள், பள்ளிச் சீருடையின் மிச்சம், பாவாடைத் துணியின் முக்கோணங்கள். அவற்றைக் கட்டம் கட்டமாக இணைத்து, நடுவில் நைந்த வேட்டியை வைத்து, அடியில் பழைய நூற்புடவையை விரித்து, மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கும்படி ஓட்டுத் தையல் போடுவார். சமையல் முடிந்து, பின்வாசற்படியில் முருங்கை மரத்தின் நிழல் விழும் நேரம் அதற்கானது. முற்றத்தில் காயும் வடகத்தைக் காக்கை கொத்தாமல் பார்த்துக்கொள்வதும் அதே இருப்பில் நடந்துவிடும். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு போர்வை தைத்துக் கொடுத்திருக்கிறார். கடைசிப் பேத்திக்கு உரியது பாதியில் நின்றிருந்தது.

டாக்டர் ஓய்வு என்று எழுதிவிட்டார் என்று மகன் ஊசிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். துணி மூட்டையும் உடன் ஏறிவிட்டது.

"தண்ணீர்க் குடம் யார் தூக்குகிறார்கள், அம்மா?"

"நான்தான் டாக்டர்."

"துணி பிழிவது?"

"நான்தான்."

"மாவு அரைப்பது?"

"கிரைண்டர் அரைத்துவிடும். கல்லைத் தூக்கிக் கழுவி வைப்பது மட்டும் நான்."

அவற்றை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டோம். "அதெல்லாம் வீட்டு வேலை அல்லவா?" என்றார், எங்கள் கேள்வியே விளங்காதவர்போல.

அன்றிலிருந்து இக்கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேட்டு வருகிறோம். பூத்தொடுப்பதை விட்டவர்கள் இருக்கிறார்கள். கோலம் போடுவதை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ரோஜாச் செடிகளுக்கு அருகில் போகக்கூடாதெனத் தடுக்கப்பட்டு, நாள் முழுதும் தொலைக்காட்சிக்கு எதிரில் அமர்த்தப்பட்டிருந்தார். பெண்களைப் பொறுத்தவரை விடை ஏறக்குறைய ஒன்றுதான். ஓய்வு என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்தவுடன் முதலில் நிற்பது அவர்கள் விரும்பிச் செய்யும் வேலை. அவர்களை வருத்தும் வேலை நிற்பதில்லை. முன்னது 'வேண்டாத வேலை' என்று பெயர் பெற்றுவிடுகிறது. பின்னதற்கு வேலை என்ற பெயரே இருப்பதில்லை. இது தலைகீழான ஏற்பாடு என்பது எங்கள் உறுதியான கருத்து.

கையின் அமைப்பைச் சிறிது விளக்கினால் இது தெளிவாகும். முடக்குவாதம் என்பது, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பிடிக்கிறது. கையில் அது நாடுவது விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களையும், விரல்களின் நடுக்கணுக்களையும், மணிக்கட்டையும். ஈரத் துணியை முறுக்கிப் பிழியும்போது இக்கணுக்களின்மேல் விழுவது திருகும் விசை. ஏற்கெனவே தளர்ந்த விரல்கள் சுண்டுவிரற் பக்கமாகச் சாய்வதற்கு அது துணைபோகிறது. குடத்தின் கழுத்தை விரல்களால் கவ்வித் தூக்குவதும் அத்தகையதே. 15 லிட்டர்க் குடம் நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டும் 15 கிலோ. பலமுறை துவைத்து மெலிந்த நூற்புடவையில் ஊசி ஏறி இறங்குவதற்கு வேண்டிய விசையை இதனோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. கனமானதை அவர் கையிலேயே விட்டுவிட்டு, இலேசானதைப் பரணில் ஏற்றிவிட்டோம். எழுதியவர்கள் என்ற முறையில் அந்தப் பரணில் எங்கள் கையும் இருக்கிறது.

அசையாமல் வைத்தால் மூட்டு காப்பாற்றப்படும் என்ற எண்ணமும் முழு உண்மையன்று. வீக்கம் அடங்கிய பிறகும் அசையாத விரல் இறுகும். அதனை இயக்கும் தசை மெலியும். பிரித்தானியாவில் 490 முடக்குவாத நோயாளர்கள் பங்குகொண்ட ஆய்வு ஒன்று 2015-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மருந்துகளோடு, கைகளுக்கான நீட்டல் பயிற்சிகளையும் வலுவூட்டும் பயிற்சிகளையும் முறையாகச் செய்தவர்களின் கைகள், ஓராண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் கைகளைவிட நன்றாக இயங்கின. தையல் அப்பயிற்சிகளுக்கு ஈடு என்று நாங்கள் சொல்லவில்லை. பயிற்சி தனியே வேண்டும். ஆனால் நாங்கள் அச்சிட்டுத் தரும் பயிற்சித் தாள் பல வீடுகளில் அலமாரியில் உறங்குவதை அறிவோம். பேத்திக்கான போர்வை அப்படி உறங்குவதில்லை.

பழந்துணியைச் சேர்த்துத் தைக்கும் வழக்கம் நம் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தின் காந்தா, பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டுத் தையலால் பிணைப்பது; புடவைக் கரையிலிருந்து உருவிய நூலையே அதற்குப் பயன்படுத்துவதும் உண்டு. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழியினரான சித்தி மக்களின் பெண்கள் கவந்தி என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்வது அவர்களது முறை. பார்க்க அழகான முறை. ஆயினும் எங்கள் நோயாளர்களுக்கு நாங்கள் அதனைப் பரிந்துரைப்பதில்லை. முழுப் போர்வையின் எடையையும் முதல் நாளிலிருந்தே கையாள வேண்டியிருக்கும். ஒரு முழக் கட்டங்களைத் தனித்தனியே தைத்து முடித்து, இறுதியில் இணைப்பதே நோயுற்ற கைகளுக்கு ஏற்றது. இணைக்கும் வேலையை மகளோ மருமகளோ தையல் இயந்திரத்தில் செய்துவிடலாம்.

மற்ற மாற்றங்களும் எளியவையே. முடக்குவாதத்தில் காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைக் கடந்தும் நீடிக்கக்கூடும். அது தளர்ந்த பின்னரே, முற்பகலிலோ பிற்பகலிலோ தைக்க உட்காருங்கள். வெதுவெதுப்பான நீரில் கைகளைச் சிறிது நேரம் வைத்தெடுத்தால் விரல்கள் இணங்கும். மெல்லிய ஊசியைக் கிள்ளிப் பிடிக்கப் பெருவிரல் மிகுதியாக வருந்தும். ஆகவே சற்று நீளமான, பருமனான ஊசி நல்லது. ஜீன்ஸ் துணி வேண்டாம், மூன்றடுக்குக்கு மேலும் வேண்டாம். மடியில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் துணியைப் பரப்பினால் மணிக்கட்டு தொங்காது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை விரித்து நீட்டி இறக்கிவைக்க வேண்டும். கடிகாரம் பார்க்க மறந்துபோகும் என்பார்கள். வடகத்தைப் புரட்டிப் போட எழுந்தால் போதும். தைத்து முடித்து இரண்டு மணி நேரம் கடந்தும் வலி நீடித்தால் அன்றைய அளவு மிகுதி என்று பொருள், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுத் துண்டுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அந்த அம்மையாரே எங்களுக்கு அதனைக் காட்டினார். கைப்பிடி பருமனாக இருந்தால் விரல்கள் இறுக மூட வேண்டியதில்லை, கணுக்களுக்குச் சுமை குறையும் என்று சொல்லியிருந்தோம். கடையில் விற்கும் பஞ்சுக் குழாய்களின் விலையையும் சொன்னோம். அவர் துணிப் பட்டைகளைச் சுற்றித் தைத்து, கரண்டிக்கும் பல்துலக்கிக்கும் துடைப்பத்துக்கும் களைக்கொத்துக்கும் உறை போட்டுவிட்டார். சமையலறையில் உள்ளவற்றைக் கழற்றித் துவைத்துக்கொள்ளவும் முடிந்தது. அவர் அனுமதியோடு ஒன்றை வாங்கிப் பிரிவில் வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர்களுக்கு அதையே காட்டுகிறோம்.

களைக்கொத்து என்றதும் தோட்டத்தைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லிவிடுகிறோம். செடிகளிடம் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை. வெறுங்கையோடும் வெறுங்காலோடும் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். எங்கள் மருந்துகள் பலவும் உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பவை. முள் குத்திய இடத்திலும் மண் பட்ட வெடிப்பிலும் கிருமி எளிதில் புகும். கையுறையும் செருப்பும் கட்டாயம். நீரிழிவும் உடனிருந்தால் மாலையில் பாதங்களைப் பார்த்துக்கொள்வதும் கட்டாயம். உணர்ச்சி குன்றிய பாதத்தில் தைத்த முள் வலிக்காது. நீர் ஊற்ற வாளி வேண்டாம். சிறிய செம்பு போதும், நான்கு முறை நடந்தால் நடையும் ஆயிற்று.

குடும்பத்தாரின் மனத்தையும் நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அந்த மகன் தாயின்மேல் அன்பில்லாதவர் அல்லர். ஒவ்வொரு முறையும் விடுப்பெடுத்து அவரை அழைத்து வருபவர். தைத்துக்கொண்டிருக்கும் தாயைப் பார்த்து, "உடம்பு முடியாதவரை வேலை வாங்குகிறார்களே" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிடுவார்களோ என்பது அவரது அச்சம். குடம் தூக்குவதைப் பார்த்து அதே அக்கம்பக்கத்தார் ஒன்றும் சொல்லாதது ஏன் என்று அவரிடம் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, குடத்தை இனி தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். துணி பிழியும் வேலையைப் பற்றி மருமகளிடம் பேசுவதாகவும் சொன்னார். அதையும் தாமே செய்யலாம் என்று சொல்ல வாயெடுத்து, ஒரே நாளில் எல்லாம் வேண்டாமென்று விட்டுவிட்டோம். இப்போது எழுதிவிட்டோம்.

ஓய்வே வேண்டாம் என்று இதனைப் படித்துவிடாதீர்கள். மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும் நாள்களில் ஊசியையும் கீழே வைக்கத்தான் வேண்டும். அந்நாள்களில் கைக்கட்டை அணிவதும் எங்களைத் தொடர்புகொள்வதும் நல்லது. தையல் மருந்துக்கு மாற்றும் அன்று. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை உட்கொள்பவர்கள் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நாளை நாள்காட்டியில் குறித்துவைப்பது எல்லாவற்றிலும் எளிது.

எங்கள் சீட்டில் இப்போது அந்த வரி இல்லை. 'பிழிய வேண்டாம், குடம் தூக்க வேண்டாம், தைக்கலாம்' என்பதுபோல ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைப் பெயர் சொல்லி எழுதுகிறோம். நேரம் பிடிக்கத்தான் செய்கிறது. வெளியே வரிசையில் காத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்போது பரிசோதனைக் கோப்போடு, நீங்கள் கையால் செய்யும் ஏதேனும் ஒன்றையும் எடுத்து வாருங்கள்.

அந்த அம்மையார் பேத்தியின் போர்வையைக் கொண்டுவந்தார். எங்கள் மேசையில் அதனை விரித்து, ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார். நோய் தெரியவராத காலத்தில் போட்டவை அரிசிமணிபோல் சீரான சிறு தையல்கள். அடுத்த கட்டத்தில் அவை நீண்டு கோணியிருந்தன. ஊரில் ஒரு திருமணத்துக்காக மாத்திரையை மூன்று வாரம் விட்ட மாதமாம் அது. அவர் அதுவரை எங்களிடம் சொல்லாத செய்தி. பரணிலிருந்து இறங்கியபின் தைத்த கடைசி இரண்டு கட்டங்களில் தையல் மீண்டும் சிறுத்திருந்தது. பழைய சீர் இல்லை. கோணியதைப் பிரித்துத் தைக்கலாமா என்று கேட்டார். பிரிப்பதற்கு விரல்கள் மிகுதியாக வருந்துமே என்றோம். "அப்படியானால் இருக்கட்டும். அவள் போர்த்திக்கொள்ளத்தானே போகிறாள்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.