நெய்வேலி எந்த அவையின் கேள்வி?

2023 ஜூலை 26. மக்களவையில் மத்திய அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸை அவைத் தலைவர் ஓம் பிர்லா அன்றுதான் ஏற்றுக்கொண்டார். அதே நாளில், சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட, பொக்லைன்கள் வளர்ந்து நின்ற நெல்வயலுக்குள் இறங்கின. நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆனால், மணிப்பூரை முன்வைத்து அவை முடங்கிக் கிடந்தது. அதைக் குறைசொல்லவும் முடியாது, மணிப்பூர் அப்படி எரிந்தது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாமக நடத்திய முற்றுகை கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது. அதற்குத் தலைமை தாங்கிய அன்புமணி ராமதாஸ் அப்போது மாநிலங்களவை உறுப்பினர். கூட்டத்தொடர் நாளில் ஒரு உறுப்பினர் அவையைவிட ஆலை வாசலையே பயனுள்ள இடமாகக் கருதினார் என்றால், அது அவரைப் பற்றிச் சொல்வதைவிட அவையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. பயிரிழந்தவர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்ற தொகை கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவாக வந்தது.

நெய்வேலியின் வெற்றிகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான், அவைக்கு வெளியே நடந்தவை. 2006-ல் என்எல்சியின் 10 சதவீதப் பங்குகளை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஜூலை முதல் வாரத்தில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூட்டணியை விட்டு விலகுவோம் என்று மு.கருணாநிதி எச்சரித்தார். ஜூலை 6 அன்று, என்எல்சி மட்டுமல்ல, எல்லாப் பொதுத்துறைப் பங்கு விற்பனைகளையும் நிறுத்திவைத்தார் பிரதமர் மன்மோகன் சிங். அப்போது நாடாளுமன்றம் கூடியிருக்கவே இல்லை. 2013-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் குறைந்தபட்சப் பொதுப்பங்கு விதியைக் காட்டி 5 சதவீதத்தை விற்கும் பேச்சு மறுபடி எழுந்தபோது, தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்ற யோசனையைக் கடிதம் வழியாக முன்வைத்தார் முதல்வர் ஜெயலலிதா. டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட 5 மாநில நிறுவனங்கள் சுமார் 358 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கின. சாமர்த்தியமான தீர்வு, அதுவும் கோட்டைக்கும் டெல்லிக்கும் இடையிலான தபாலில் பிறந்ததுதான்.

2023 ஏப்ரலில் நடந்தது இன்னும் வேடிக்கை. வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து டெல்டா கொதித்தது. முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டப்பேரவை அதை விவாதித்தது. பேரவை உருப்படியாகச் செயல்பட்ட அபூர்வ நாள்களில் அது ஒன்று. நாடாளுமன்றமோ ஏப்ரல் 6 அன்று கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு கலைந்தது. மூன்று பகுதிகளும் நீக்கப்படுகின்றன என்று நிலக்கரித் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி ஏப்ரல் 8 அன்று ட்விட்டரில் அறிவித்தார், தமிழக பாஜக தலைவரின் கோரிக்கையைக் குறிப்பிட்டு. அந்தத் தலைவர் அப்போது எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. முடிவு நல்ல முடிவு. ஆனால், தேர்ந்தெடுக்கப்பட்ட 39 பேரை அனுப்பிவைத்த மாநிலத்துக்கு அது கிடைத்த வழி இது.

சரி, அவைக்கு உள்ளே நடந்தது என்ன? அங்கேதான் நெய்வேலி தோற்றிருக்கிறது, பெரும்பாலும் சத்தமில்லாமல்.

நில எடுப்பை எடுத்துக்கொள்வோம். 1894-ம் ஆண்டின் வெள்ளையர் சட்டத்துக்குப் பதிலாக 2013-ல் புதிய சட்டம் வந்தது. ஆகஸ்ட் 29 அன்று மக்களவையும், செப்டம்பர் 4 அன்று மாநிலங்களவையும் நிறைவேற்றின. அதற்கு முன்பு சுமித்ரா மகாஜன் தலைமையிலான ஊரக வளர்ச்சி நிலைக்குழு மசோதாவைத் துருவிப் பார்த்தது. நிலக்கரி நிலச் சட்டம் உட்படப் பல மத்திய சட்டங்களுக்கு விலக்கு தருவதை அக்குழு ஏற்கவில்லை. முழுவதும் கேட்கப்படவில்லை என்றாலும், அந்தச் சட்டங்களின் கீழ் நிலம் இழப்போருக்கும் புதிய இழப்பீடும் மறுவாழ்வும் ஓராண்டுக்குள் பொருந்த வேண்டும் என்ற 105(3) பிரிவு சட்டத்தில் இடம்பெற்றது. தொலைக்காட்சி வெளிச்சம் படாத குழு அறையில் உறுப்பினர்கள் செய்யும் வேலைக்கு இருக்கும் பலம் அது.

ஆனால், நெய்வேலியில் நிலம் எடுக்க அண்மைக்காலமாகப் பயன்படுவது நிலக்கரி நிலச் சட்டம் அல்ல. திமுக ஆட்சியில் வந்த, 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம். மத்திய சட்டம் வந்ததும் இது செல்லாமல் போயிருக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் அதிமுக அரசு, 105-ஏ என்ற பிரிவைச் செருகி இதையும் வேறு இரண்டு மாநிலச் சட்டங்களையும் காப்பாற்றியது. 2019 ஜூலையில் அந்த ஏற்பாடு செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். அதே மாதம் பேரவை, 2013 செப்டம்பர் 26 வரை பின்னோக்கிப் போய் மூன்று சட்டங்களையும் உயிர்ப்பித்தது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு கட்சி பெற்ற பிள்ளையை இன்னொரு கட்சி இரண்டு முறை பிழைக்க வைத்தது.

இதில் விவசாயி இழந்தது என்ன என்பதில் மேடைப் பேச்சாளர்கள் பலர் தடுமாறுகிறார்கள். ‘விவசாயியின் சம்மதம் இல்லாமல் நிலம் எடுக்கக் கூடாது என்கிறது சட்டம்’ என்பார்கள். பொதுத்துறை நிறுவனத்துக்கு எடுக்கும்போது 2013 சட்டமும் சம்மதத்தைக் கோரவில்லை. 70, 80 சதவீதக் கணக்கெல்லாம் தனியார் பங்கு இருந்தால்தான். உண்மையில் கைநழுவியவை வேறு: சமூகத் தாக்க மதிப்பீடு, கிராமத்தினரிடம் நடக்க வேண்டிய விசாரணை, பல போகம் விளையும் நிலத்துக்கான பாதுகாப்பு, ஐந்தாண்டு பயன்படுத்தாத நிலத்தைத் திருப்பித் தருவதற்கான 101-ம் பிரிவு. வளையமாதேவியில் 2006-க்கும் 2013-க்கும் இடையில் எடுத்ததாக நிறுவனம் சொன்ன நிலத்தில் 2023 வரை உழுது நட்டார்கள். 101-ம் பிரிவின் அருமை கரிவெட்டி, கத்தாழை கிராமங்களுக்குத் தெரியும். பேரவையில் அந்த இரண்டு மசோதாக்கள் வந்த நாள்களில் அது பேசப்பட்டிருக்க வேண்டும்.

உறுப்பினர்களின் கையைக் கட்டும் காரணம் ஒன்றும் உண்டு. என்எல்சி நிலக்கரி அமைச்சகத்தின் நிறுவனம். நிலம் எடுப்பது மாநில வருவாய்த் துறை. வேலை கொடுப்பது நிறுவனத்தின் விருப்பம். டெல்லியில் கேட்டால் மாநில விவகாரம், சென்னையில் கேட்டால் மத்திய நிறுவனம். மக்களவை விதிகளும் இதற்குத் தோதாகவே இருக்கின்றன. மத்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத விஷயம் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. பொதுத்துறையைக் கண்காணிக்க 1964-ல் உருவான பொது நிறுவனங்கள் குழுவும், அரசின் பெரிய கொள்கையை ஆராயக் கூடாது, அன்றாட நிர்வாகத்தையும் ஆராயக் கூடாது. கூட்டுறவு சொசைட்டி வழியாக வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பணி நிரந்தரம், நிலம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு வேலை, இவையெல்லாம் கொள்கையா, அன்றாட நிர்வாகமா? வசதிக்கேற்ப இரண்டுமாகும்.

2022-ல் இதைப் பார்த்தோம். கேட் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் 299 பட்டதாரிப் பயிற்சி அதிகாரிகளுக்கான பட்டியல் வந்தபோது, அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் எங்கே என்ற கொந்தளிப்பு எழுந்தது. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தகுதிப்படி நடந்த தேர்வு என்ற பதிலோடு விவகாரம் முடிந்தது. அந்தப் பதிலைத் தாண்டிப் போக, நிலம் எடுத்த காலத்தில் எழுத்தில் தரப்பட்ட வேலை வாக்குறுதிகளை ஆண்டுவாரியாகத் தேடி எடுத்து அமைச்சர் முன்னால் வைத்திருக்க வேண்டும். ஆவேசத்தால் அது முடியாது. பழைய கோப்புகளோடு உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்த ஒருவர் இதே மண்ணுக்குப் பக்கத்திலிருந்து போனார். இரா.செழியன், 1962-ல் பெரம்பலூரிலிருந்தும், 1967, 1971-ல் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குச் சென்றவர். பிறகு 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் இருந்தார். எதிர்க்கட்சி வரிசையில் இருந்துகொண்டு பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரித்த, பிரதிகளே கிடைக்காமல் போன ஷா கமிஷன் அறிக்கையை 2010-ல் தேடித் தொகுத்து மீண்டும் வெளியிட்டார், அதுவும் பதவியெல்லாம் விட்டு கால் நூற்றாண்டு கழிந்த பிறகு. அரசு ஆவணத்தை அரசைவிட நன்றாகப் படிப்பது அவர் முறை. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியை அவர் கடுமையாக எதிர்த்தது பலருக்கு நினைவில்லை. 1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் தொடங்கிய அந்தத் திட்டம், இன்று ஆண்டுக்கு 5 கோடி ரூபாயில் நிற்கிறது. அரசு எப்படிச் செலவழிக்கிறது என்று கேட்க வேண்டியவரே செலவழிக்கும் கையாகிவிட்டால் யார் கேட்பது என்பதே செழியனின் வாதம். மந்தாரக்குப்பத்தில் நின்று ‘உங்கள் எம்.பி. என்ன செய்தார்’ என்று கேட்டுப் பாருங்கள். பயணியர் நிழற்குடையையும் உயர்கோபுர மின்விளக்கையும்தான் காட்டுவார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. அவையில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது சொல்லப்படுவது ஒரு நிமிட வீடியோ. பூஜ்ய நேரத்தில் உறுப்பினர் முழங்குவார். மாலைக்குள் அது கைபேசிகளில் சுற்றும். அமைச்சர் அதற்கு உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. கட்டாயம் இருப்பது கேள்வி நேரத்தில். மக்களவையில் நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், குலுக்கலில் வருபவை. அவற்றிலும் ஐந்தாறுதான் வாய்மொழிப் பதிலுக்கு எட்டும். எட்டியதில் துணைக் கேள்வி கேட்பவரிடம் அமைச்சர் தப்ப முடியாத எண் இருக்க வேண்டும். மானியக் கோரிக்கை விவாதம் இன்னொரு இடம். 2023-24-க்கான கோரிக்கைகள் அனைத்தையும் மக்களவை விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றியது. நிலக்கரித் துறையும் அதில் அடக்கம்.

மிச்சமிருக்கும் கருவிகளில் இரண்டை நெய்வேலிப் பக்கத்து உறுப்பினர்கள் கையிலெடுக்கலாம். ஒன்று, மாவட்டக் கனிம அறக்கட்டளை. என்எல்சி கட்டும் உரிமத்தொகையை ஒட்டி நிதி சேரும் இந்த அமைப்பில், 2021-ல் வந்த மத்திய உத்தரவுப்படி எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் உறுப்பினர்கள். டெல்லிக்கும் சென்னைக்கும் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரே மேசையில் அமரும் இடம், ஆட்சியர் தலைமையில். ‘அது உங்கள் அவை’ என்று இங்கே யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இன்னொன்று, அரசு உறுதிமொழிகள் குழு. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று அமைச்சர் அவையில் சொல்லிவிட்டால் அதுவே உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் குழு துரத்தும். 1997 சட்டத்தின் கீழ் என்எல்சிக்காக எடுக்கப்பட்டு ஐந்தாண்டுக்கு மேல் மண் வெட்டாமல் கிடக்கும் நிலம் கிராமவாரியாக எத்தனை ஏக்கர் என்று ஒருவர் கேட்கட்டும். மாநிலத்திடமிருந்து விவரம் திரட்டப்படுகிறது என்று பதில் வரும். அந்தப் பதிலையும் உறுதிமொழியாகப் பதிவு செய்யச் சொல்லிக் குழுவுக்கு எழுதலாம்.