நீர் இறங்கும் நாளில் கரையைப் பாருங்கள்

கொத்மலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் குடியிருக்கும் தோட்டத்துச் சொந்தங்களுக்கும், கிராமத்து அயலவர்களுக்கும், இந்த நீரில் பிறக்கும் மின்சாரத்தில் விளக்கேற்றும் எல்லாருக்கும்:

வறட்சியில் நீர்த்தேக்கம் வற்றினால் அதில் மூழ்கிய கடதொர விகாரை வெளியே தெரியும். சனம் திரண்டு வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போகும். மூழ்கிய ஊரைத் தேடி வருகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் ஒருமுறை திரும்பி, பல மாதம் தண்ணீருக்குள் ஊறிக் கிடந்துவிட்டு இப்போது வெயிலுக்கு வந்திருக்கும் கரையையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

மண்சரிவு என்றாலே நமக்கு மழைதான் நினைவுக்கு வரும். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்களை மூடியது மழையில் இறங்கிய மண். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை மலைநாட்டைப் பிளந்து போட்டதை இன்னும் ஒருவரும் மறக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் அணையைக் குற்றம் சொல்வது உண்மையாகாது. ஆனால் நீர்த்தேக்கக் கரையில் வாழ்கிறவருக்குத் தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. மேலே மழை, கீழே தேக்கம். கீழிருந்து வருவதைப் பற்றி நம்மிடம் யாரும் பேசுவதில்லை.

சரிவில் மண் ஏன் நிற்கிறது? ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி, ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால் நிற்கிறது. அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்து அழுத்தம் கூடினால் பிடி தளர்கிறது. கிணற்றில் வாளி இறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீருக்குள் இருக்கும்வரை வாளி லேசு. நீர்மட்டத்தைத் தாண்டியதும் கை கடுக்கும். மேலே உள்ள மலையைத் தாங்கி நிற்பது சரிவின் அடிக்கால் மண்ணின் பாரம்தான். தேக்கம் நிரம்பும்போது அந்த அடிக்கால் நீருக்குள் போன வாளிபோல லேசாகிறது. மேல்பாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இது நிரம்பும்போது நடப்பது. வற்றும்போது நடப்பது இதைவிடக் கள்ளத்தனமானது. நிறைந்த தேக்கம் கரைக்கு வெளியிலிருந்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். மட்டத்தை வேகமாக இறக்கினால் முட்டு போய்விடும். மண்ணுக்குள் ஊறிய நீரோ அந்த வேகத்தில் வடியாது. மணற்கரையானால் சீக்கிரம் வடிந்துவிடும். நம் சரிவுகளில் பல இடங்களில் இருப்பது ஒரு காலத்தில் மேலிருந்து இறங்கிப் படிந்த, களியும் கல்லும் கலந்த மண். அது நீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். உள்ளே சிக்கிய நீர் வெளியே தள்ளும், வெளியே தாங்க ஒன்றும் இருக்காது. வெயில் காயும் நாளிலும் கரை இறங்குவது இதனால்தான்.

அமெரிக்காவில் கிராண்ட் கூலி அணையின் பின்னால் உள்ள ரூஸ்வெல்ட் ஏரிக் கரைகளில் 1941 முதல் 1953 வரை சுமார் 500 சரிவுகளைக் கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழப் பாதி, ஏரி நிரம்பத் தொடங்கிய முதல் 2 ஆண்டுகளில் நடந்தவை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை, நீர்மட்டத்தை 10, 20 மீற்றர் இறக்கியபோது நடந்தவை. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2003 ஜூனில் மட்டத்தை 135 மீற்றருக்கு உயர்த்தினார்கள். அடுத்த மாதமே, ஜூலை 13 அன்று, கிளையாறு ஒன்றின் கரையில் சியான்ஜியாங்பிங் என்ற இடத்தில் மலைச்சரிவு பெயர்ந்து 24 பேர் இறந்தும் காணாமலும் போனார்கள்.

இத்தாலியின் வயோந்த் அணையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். 260 மீற்றருக்கு மேல் உயரமான அணை. அதன் இடக்கரை மலை, எப்போதோ ஒருமுறை சரிந்து நின்ற பழைய சரிவு என்பதை நிலவியலாளர்கள் நீர் நிரப்பும் காலத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள். 1960 நவம்பர் 4 அன்று சுமார் 7 இலட்சம் கன மீற்றர் மண் நீருக்குள் விழுந்தது. மலைமேல் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளத்துக்கு வெடிப்பு ஓடியது. மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் மலையின் நகர்வைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று பொறியியலாளர்கள் நம்பினார்கள். அப்பகுதி மக்களின் அச்சத்தை எழுதிய தீனா மெர்லின் என்ற பத்திரிகையாளரைப் பொய்ச் செய்தி பரப்பியதாக நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1963 ஒக்டோபர் 9 இரவு, நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், 27 கோடி கன மீற்றர் மலை ஒரே துண்டாக வழுக்கித் தேக்கத்துக்குள் விழுந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிப்போய் லொங்கரோனே என்ற ஊரையும் அக்கம்பக்கத்தையும் அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். அணை உடையவில்லை. இன்றும் நிற்கிறது.

கொத்மலை வயோந்த் அல்ல. 1985இல் திறந்த நம் அணை 87 மீற்றர் உயரம், அதன் தேக்கம் சுமார் 17 கோடி கன மீற்றர். பாறையின் தன்மையும் வேறு. பீதி கிளப்ப நாங்கள் இதை எழுதவில்லை. “அணை பலமாக இருக்கிறதா?” என்று கேட்டு, “ஆம்” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடுகிறோமே, அதுதான் எங்கள் கவலை. கரை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்க வேண்டும். கரையில் இருக்கிற நாம்தான் கேட்க வேண்டும்.

அதனால் உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறோம். வீட்டுத் தரையிலோ சுவரிலோ வெடிப்புக் கண்டால் சீமெந்து பூசி மறைத்துவிடாதீர்கள். வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்து, இடைவெளியை அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். அன்று தேக்கத்தில் நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் கொப்பியின் பயன் பாதியாகிவிடும். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இறுகுவது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, காய்ந்த இடத்தில் புது ஊற்று கிளம்புவது, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்வது எல்லாம் மண் நகர்கிறது என்பதன் அடையாளங்கள். கண்டால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

கான்களைத் தூர்க்க விடாதீர்கள். கழிவுநீர்க் குழாயைச் சரிவில் திறந்து விடாதீர்கள். வீடு பெருப்பிக்கவும் பாதை போடவும் சரிவின் அடியை வெட்டாதீர்கள். நீர் ஒருபுறம் பலவீனப்படுத்தும் அடிக்காலை மண்வெட்டியும் சேர்ந்து அரிக்க வேண்டாம். மழை நாட்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைக் கேளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு; 100 ஆனால் ஆயத்தம்; 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். நேரான பக்கமுள்ள ஒரு போத்தலை முற்றத்தில் வைத்தாலே இதை அளந்துவிடலாம். இரவில் அளப்பது யார் என்பதை லயத்துக்கு ஒருவராக முறை போட்டுக்கொள்ளுங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களிடமும் கேட்கிறோம். நீர்மட்டம் இன்று எவ்வளவு, நேற்றிலிருந்து எவ்வளவு இறங்கியது என்ற இரண்டு இலக்கங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எங்களுக்குத் தினமும் சொல்லுங்கள். ஒரு நாளில் இதற்குமேல் இறக்கமாட்டோம் என்ற வரம்பு உண்டென்றால் அதை எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். வான்கதவு திறக்கும்போது ஆற்றோரத்து மக்களுக்குச் சங்கு ஊதுகிறீர்கள். மட்டம் வேகமாக இறங்கும்போது கரையோரத்து மக்களுக்கும் ஒரு சொல் வேண்டும். “இந்த இடம் ஆபத்து, எழும்புங்கள்” என்று கடிதம் கொடுக்கும்போது, எழும்பிப் போக ஒரு துண்டு நிலத்தையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். மீரியபெத்தைக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை போயிருந்தது. லயத்தில் இருப்பவருக்குக் காலடி மண் சொந்தமில்லை. அவர் எங்கே போவார்?

இந்த வேண்டுகோளைக் கோயிலிலும் விகாரையிலும் சங்கக் கூட்டத்திலும் வாசியுங்கள். வாசிக்க முடியாத பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: தேக்கம் வருவதற்கு முன் இந்த மலையில் எந்தெந்த இடம் இறங்கியிருந்தது, எந்த ஊற்று எங்கே ஓடியது? ஒருமுறை சரிந்த இடம்தான் தண்ணீர் பட்டால் முதலில் அசையும். 1985க்கு முன் இந்தப் பள்ளத்தாக்கை நடந்து பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இந்த மாதமே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீர்த்தேக்கக் கரையோரக் குடும்பங்கள்