பாக்கிப் பணமும் பழுதான வேலையும்



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொன்ன பெரியவர்கள், 'பழைய வீட்டை ரிப்பேர் பண்ணிப் பார்' என்பதையும் சேர்த்திருக்கலாம். வீட்டு ஆண்கள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மேஸ்திரியோடு பேசுவது, கலவையைக் கவனிப்பது, பணத் தகராறு வந்தால் வாசலில் நின்று பதில் சொல்வது எல்லாம் நம் தலையில்தான்.

'கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிடலாம்' என்று சிலர் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். 'ஒரு பைசா தர மாட்டேன்' என்று சிலர் கதவைச் சாத்துகிறார்கள். முதலாவதில் குறை அப்படியே நின்றுவிடும். இரண்டாவதில் நியாயம் அவர் பக்கம் போய்விடும். நல்ல வேலைக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, பழுதான வேலைக்கு உரியதை மட்டும் நிறுத்தி வைப்பதே சரியான வழி.

எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். குளியலறைக்கும் சமையல் மேடைக்கும் சேர்த்து 1,20,000 ரூபாய் என்று ஒரு காண்டிராக்டரிடம் பேசியிருந்தோம். வேலை நடக்க நடக்க 90,000 கொடுத்தாயிற்று. மீதி 30,000 கேட்டு வந்தபோது, "முதல்ல தரையைப் பார்த்துடுவோம்" என்றேன். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவோர மூலையில் குட்டை கட்டி நின்றது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் 11 டைல்ஸ் 'டொப் டொப்' என்றன. அடியில் கலவை சரியாகப் பரவவில்லை என்று அர்த்தம்.

"அதெல்லாம் போகப் போக சரியாயிடும்மா" என்றார். வாட்டம் இல்லாத தரை எப்படிச் சரியாகும்? நான் விடவில்லை. உடனே குரல் உயர்ந்தது. "வேலை வாங்கிட்டு பணம் தரமாட்டேங்கறீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். நான் பதிலுக்குக் கத்தவில்லை. "நாளைக்கு எழுதித் தர்றேன், வாங்க" என்றேன்.

அன்று மாலை வேறொரு மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். தரையைப் பெயர்த்து மறுபடி போட 18,000 ஆகும் என்று கணக்கெழுதிக் கொடுத்தார். சுவர் டைல்ஸிலும் சமையல் மேடையிலும் குறையில்லை என்றும் சொன்னார். ஆக, 30,000-ல் 12,000 காண்டிராக்டருக்கு நியாயமாக உரியது. 18,000 நிறுத்த வேண்டியது. குறைகளை வரிசைப்படுத்தி, தொகையைப் போட்டு, 15 நாள் தவணை கொடுத்து ஒரு கடிதம் எழுதினேன். கைப்பேசியில் எடுத்த படங்களோடு அவருக்கு அனுப்பிவிட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் சித்தாள் வேலை பார்த்த பெண் வந்து நின்றாள். "அம்மா, மூணு நாள் கூலி வரலை. வீட்டுக்காரம்மா தரலைன்னு சொல்றாரு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்கும் காண்டிராக்டருக்கும் உள்ள வழக்கில் அவள் வீட்டு அடுப்பு ஏன் அணைய வேண்டும்? மறுநாள் அவர் வந்ததும், "இந்தாங்க 12,000. ஆட்கள் கூலியை என் எதிர்லயே கொடுத்திடுங்க" என்றேன். கொடுத்தார். அதன்பிறகு என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பத்தாம் நாள் ஆட்களோடு வந்து தரையைப் பெயர்த்துப் போட்டுக் கொடுத்தார். 15,000 கொடுத்தேன். மீதி 3,000, ஒரு மழைக்காலம் தாண்டிப் பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலை ஆரம்பிக்கும் முன்பே நீங்கள் செய்ய வேண்டியவை:

* என்ன வேலை, என்ன சாமான், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளைத்தாள் போதும்.

* பணத்தை வேலையின் கட்டத்துக்குத் தகுந்தபடி கொடுங்கள். நூற்றுக்குப் பத்தாவது கடைசியில் பிடித்து வைப்பதாக முதலிலேயே எழுதிவிடுங்கள். பேங்க் வழியாகக் கொடுத்தால் அதுவே சாட்சி.

* குளியலறைத் தரையில் 4 அடிக்கு அரை அங்குலமாவது வாட்டம் இருக்கட்டும். ஓட்டையைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். கீழ்க்கூரையிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரிகிறதா பாருங்கள். டைல்ஸ் ஒட்டும் முன்பே ஒரு தடவை இப்படிச் செய்வது உத்தமம்.

* நடுவில் நாமே ஆசைப்பட்டுச் சொன்ன கூடுதல் வேலைக்குப் பணம் அவருக்கு உரியது. அதில் பேரம் வேண்டாம்.

இவ்வளவுக்கும் மசியவில்லையென்றால் சட்டம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி வீடு கட்டும் வேலையும் 'சேவை'தான். குறை ஏற்பட்ட 2 வருடத்துக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். வக்கீல் வேண்டுமென்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. இது 1987-ம் வருடச் சட்டம் நமக்குக் கொடுத்த உரிமை. அங்கெல்லாம் முதலில் கேட்பது கடிதமும் ரசீதும் படமும்தான். ஆகவே துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

பணத்தை நிறுத்தி வைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை, சகோதரிகளே. எதற்காக, எவ்வளவு, எதுவரை என்ற மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால், வாசலில் யார் வந்து சத்தம் போட்டாலும் நிதானமாகவே பேசலாம்.