கப்பல் இல்லையாம்!

1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்துக்கு இன்றும் வக்காலத்து வாங்கும் அன்பர்கள் சிலர் ஒரே விடையைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கின்றனர். தானியம் அனுப்ப மனம் இருந்ததாம், கப்பல்தான் இல்லையாம்! யுத்த காலத்தில் சர்க்கார் என்ன செய்யும், இருந்ததைப் பங்கிட்டது என்பது அவர்கள் கட்சி. எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இக்கட்சி செலாவணியாகி வருதலின், அதனைச் சற்றே பரிசீலிப்போம்.

கப்பற் பஞ்சம் என்பதே பொய்யென நாம் கூறவில்லை. 1943 மார்ச்சு மாதம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் விளைத்த நாசம் பெரிது. ஆனால் மே மாதத்திலேயே அவை பின்வாங்க நேர்ந்தது. அதன் பின்னர் மூழ்கிய கப்பல்களினும் நேச நாட்டார் புதிதாகக் கட்டிய கப்பல்களே மிகுதி. வங்காளத்து வீதிகளில் பிணங்கள் கிடந்ததோ அவ்வாண்டின் பிற்பகுதியில். ஆகவே, கப்பல் உண்டா இல்லையா என்பதன்று கேள்வி. இருந்த கப்பல் எவர் வயிற்றுக்கு என்பதைத் தீர்மானித்தவர் எவர்?

தீர்மானித்த இடம் லண்டன். யுத்த மந்திரி சபை அமர்ந்த மேசையில், பட்டினி கிடந்த குடிகளின் வாக்குக்கு இடமே இல்லை. இந்திய சர்க்கார் 5,00,000 டன் கோதுமை கேட்டது. இந்தியா மந்திரி அமெரியும் மன்றாடினார். 1943 ஆகஸ்டு 4-ஆம் நாள் அச்சபை மனமிரங்கி அளித்தது யாது? ஈராக்கிலிருந்து 1,00,000 டன் வாற்கோதுமை. ஆஸ்திரேலியாவிலிருந்து 50,000 டன்னுக்கு மேற்படாத கோதுமை. அக்கோதுமையும் கல்கத்தாவுக்கு அன்று! கொழும்புக்கு வந்து மேல் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டுமாம். சோறுண்டு பழகிய ஜனங்களுக்கு வாற்கோதுமை. அதனோடு ஒரு காத்திருப்பு! பின்னர்க் கனடா 1,00,000 டன் கோதுமை தர முன்வந்தபோதும் கப்பல் ஒதுக்கப்படவில்லை.

அதே வேளையில் பிரிட்டனில் நடந்ததையும் காண்க. வெண்ணெயும் சர்க்கரையும் 1940 முதலே அங்குப் பங்கீட்டுக்கு உட்பட்டன, மெய்யே. ஆயினும் யுத்தம் நடந்த காலம் முழுவதும் ரொட்டிக்குப் பங்கீடு கிடையாது. அது வந்தது யுத்தம் ஓய்ந்த பின், 1946 ஜூலையில். குண்டு மழையில் நின்ற அந்நாட்டுத் தொழிலாளி வயிறார உண்டதில் நமக்கு அழுக்காறில்லை. அவனது ரொட்டிக்குக் கிடைத்த கப்பல் வங்காளிக்குக் கிடைக்காமற்போன மர்மத்தையே நாம் வினவுகிறோம்.

நிற்க. கட்டுப்பாடு என்னும் பேரால் நடந்த அநியாயம் கடலோடு நிற்கவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கரையிறங்குவர் என்னும் அச்சத்தால், கடலோர ஜில்லாக்களில் உபரி அரிசியைச் சர்க்கார் வாங்கி அப்புறப்படுத்தியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளையும் பறித்தது. பதிவாகியிருந்த சுமார் 66,000 படகுகளில் பெரும்பகுதி இவ்வாறு தொலைந்தது. ஆறும் கால்வாயுமே பாதையாகிய அந்நாட்டில் படகைப் பறித்தல், மனிதனின் காலை வெட்டுவதற்கு ஒப்பாகும். செம்படவனுக்கு வலை வீச வழியில்லை. குயவனுக்கு மண் வந்து சேர வழியில்லை. அக்டோபர் 16-ல் மேதினிப்பூர்க் கரையில் சூறாவளி அடித்தது. 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி 1943 ஆகஸ்டில் 37 ரூபாயாயிற்று. கூலிக்காரன் எங்ஙனம் வாங்குவான்?

கல்கத்தாவிலோ வேறொரு காட்சி. தளவாடத் தொழிற்சாலையார், துறைமுகத்தார், ரயில்வேயார், உத்தியோகஸ்தர் ஆகியோர் 'முதன்மை வகுப்பினர்' எனப் பெயர் பெற்றனர். அவர்களுக்குச் சலுகை விலையில் அரிசி. நெல் விளைவித்த நிலமற்ற கூலியோ அதே நகரத்து வீட்டு வாயில்களில் நின்றான். அவன் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியைக் கேட்டான்! பஞ்சச் சட்டம் ஏட்டில் இருந்தும் பஞ்சமென்று பிரகடனம் செய்யப்படவில்லை. செய்திருந்தால் நிவாரணம் அளிக்கும் கடமை சர்க்காரின் தலைமேல் விழுந்திருக்குமே! நகரத்தில் பங்கீடு தொடங்கியது 1944 ஜனவரி 31-ல். மாண்டவர் தொகையை உட்ஹெட் விசாரணைக் குழு 15 இலட்சம் எனக் கணித்தது. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் 30 இலட்சத்தை ஒட்டிக் கூறுவர்.

வியாபாரிகள் பதுக்கினர், அண்டை மாகாணங்கள் எல்லையை அடைத்தன என்பர். மெய்தான், பதுக்கியவனை நாமும் மன்னியோம். ஆனால் எல்லையைத் திறக்கவும் பதுக்கலை உடைக்கவும் அதிகாரம் படைத்திருந்தவர் எவர்? 1943 அக்டோபரில் வைஸ்ராய்ப் பதவியேற்ற வேவல், பட்டாளத்தைக் கொண்டு தானியத்தைக் கிராமங்களுக்கு ஏற்றிச் செல்லச் செய்தார். அக்டோபரில் முடிந்த காரியம் மே மாதத்தில் ஏன் முடியவில்லை? எல்லாம் தலைவிதி என்று பெருமூச்செறிந்த நம்மவர் சிலரும் இக்கேள்வியை எழுப்பாது விட்டு, அதிகாரிகளுக்குப் பேருதவி புரிந்தனர்.

அக்காலத்து மலாயாவில் வாழ்ந்த தமிழர்க்கு இஃது அயலார் கதையன்று. 'ஆசியா ஆசியருக்கே' என முழங்கி வந்த ஜப்பானியரும் அரிசியைத் தம் பட்டாளத்துக்கே முதற்கண் ஒதுக்கினர். தோட்டத்துத் தமிழர் மரவள்ளிக் கிழங்கால் உயிர் பிடித்திருந்தனர். பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்கு ஓட்டப்பட்டனர். கொடி மாறிற்று; பங்கிடும் கை எவருடையதோ அவருடைய வயிறே முதலில் நிரம்பிற்று.

கப்பல் இல்லையென வாதிடும் அன்பர்கள் நமக்கு ஒன்றை மட்டும் விளக்கட்டும். கல்கத்தா வீதியில் ஜனங்கள் செத்துக் கொண்டிருக்கையில், ஆஸ்திரேலியக் கோதுமை கொழும்பில் எந்த உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டுமென யுத்த மந்திரி சபை விதித்தது?