மழை நாளில் துணி காயவில்லையா?

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் காலை ஆறு மணிக்கு ஒரே கேள்விதான். "என் பனியன் காய்ந்ததா?" என்று குளியலறையிலிருந்து ஒரு குரல். "அம்மா, யூனிபாரம்!" என்று இன்னொரு குரல். நாற்காலி முதுகில் துண்டு, கதவின் மேல் பாவாடை, ஜன்னல் கம்பியில் காலுறை, தையல் மெஷின்மேல் தலையணை உறை. விருந்தாளி யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் முதல் வேலையாகக் கொடியில் கிடப்பதை வாரிச் சுருட்டி அடுத்த அறைக்குள் எறிகிறோம். துணி காயவில்லை என்பது ஒரு விஷயமா, இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் நிச்சயம் புருஷர்களாகத்தான் இருப்பார்கள். சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை.

நான் இருப்பது திருவண்ணாமலையில், பெரிய கோயிலுக்கு நாலு தெரு தள்ளி. இரண்டு அறை, ஒரு சமையலறை. மொட்டை மாடி உண்டு. ஆனால் அது வீட்டுச் சொந்தக்காரருக்கும் மலைக் குரங்குகளுக்கும் பாத்தியப்பட்டது. சித்திரை, வைகாசியில் எங்களுக்குக் கவலையே கிடையாது. இந்தக் கல் மலை அடிக்கிற அனலில் போர்வையைப் போட்டுவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் அது அப்பளமாகியிருக்கும். மழைக் காலத்தில்தான் கஷ்டம். 2024-ம் வருஷம் ஃபெஞ்சல் புயல் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 1-ம் தேதி மலைச் சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஏழு பேரை, அதில் ஐந்து குழந்தைகளை, கொண்டுபோன மழை அது. அந்த வாரம் துணி காயவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவே எனக்கு வெட்கமாயிருந்தது.

ஆனால் அதே மாதம் 13-ம் தேதி தீபம். ஊர் வழக்கப்படி உறவினர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு அறையில் பதினோரு பேர். 14 கிலோமீட்டர் கிரிவலத்தைத் தூறலில் முடித்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து இராத்திரி இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். அத்தனை ஈரத்தையும் ஒரு அறையில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டிப் போட்டேன். சாரல் அடிக்கிறது, அக்கா பேத்திக்கு ஜலதோஷம் வேறு என்று ஜன்னலை இறுகச் சாத்தினேன். விசிறியை ஐந்தில் வைத்தேன். 'காலைக்குள் காய்ந்துவிடும், நீங்கள் தூங்குங்கள்' என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

காலையில் அந்த அறை இட்லிப் பானை மாதிரி இருந்தது. சுவர் வியர்த்திருந்தது. ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. குழந்தைக்கு இழுப்பு கண்டு, மூச்சுக்கு ஒருமுறை விலா உள்ளே வாங்கியது. ஆட்டோ பிடித்து ஓடினோம். வைத்தியர் நெபுலைசர் வைத்து, குழந்தை கொஞ்சம் தெளிந்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: "படுக்கிற அறையில் ஈரத் துணி போடுகிறீர்களா?"

குற்றம் செய்தவள் மாதிரி நின்றேன். துணியா மூச்சை அடைக்கும் என்று அப்போது எனக்கு நம்பிக்கைப்படவில்லை. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் என்னோடு போடுங்கள். சமையல் கணக்குத்தான், பயப்பட வேண்டாம்.

பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி. 25 டிகிரி சூட்டில் அந்த அறைக் காற்று மொத்தம் 650 கிராம் தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும். மழை நாளில் காற்று ஏற்கெனவே நூற்றுக்கு 85 பங்கு ஈரம் குடித்திருக்கும். மிச்சம் இடம் இருப்பது சுமார் 100 கிராமுக்கு, அதாவது அரை டம்ளருக்கு. சாதாரண நூல் புடவை ஒன்று அரைக் கிலோ எடை. கையால் நன்றாகப் பிழிந்த பிறகும் அதில் ஏறக்குறைய அதன் எடைக்குச் சமமான தண்ணீர் நிற்கும். அதாவது இரண்டரை டம்ளர். அரை டம்ளர் கொள்கிற காற்றில் இரண்டரை டம்ளரை எப்படி ஊற்றுவது? சாத்திய அறையில் ஒரே ஒரு புடவைகூட முழுசாகக் காய முடியாது! நான் போட்டிருந்ததோ பதினோரு பேர் துணி. சாத்திய அறையில் விசிறி அந்த ஈரக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது; ஈரம் போக வழியில்லாமல் சுவரிலும் மெத்தையிலும் குழந்தை மார்பிலும் இறங்கியது.

ஈரம் தங்கிய சுவரில் பூசணம் பிடிக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமலும் இழுப்பும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. குளிர் தேசத்தில் வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்குள்தான் துணி உலர்த்துகிறார்கள். ஸ்காத்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, வீட்டுக் காற்றில் உள்ள ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உலர்த்தும் துணியிலிருந்தே வருகிறது என்று கண்டார்கள்.

"வெளியே கொட்டுகிறதே, ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம் அல்லவா வரும்?" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வெளிக் காற்று குளிர்ந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்து நம் சமையலாலும் நம் உடம்புச் சூட்டாலும் இரண்டு மூன்று டிகிரி ஏறியதும் அதற்குத் தாகம் எடுத்துவிடுகிறது. 90 பங்கு ஈரமாக வந்த காற்று, மூன்று டிகிரி ஏறினால் 76 பங்கு ஆகிவிடும். அது துணியில் உள்ளதைக் குடித்துவிட்டு வெளியே போக ஒரு வழி வேண்டும், அவ்வளவே. சமையலறையில் எக்ஸாஸ்ட் விசிறி இருந்தால் யோகம்தான். ஒரு ஜன்னலை நாலு விரற்கடை திறந்து வைத்து, எக்ஸாஸ்டைப் போட்டு, இரண்டுக்கும் நடுவே கொடி கட்டுங்கள். எக்ஸாஸ்ட் இல்லாதவர்கள் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மேஜை விசிறியைத் துணியைப் பார்த்து வையுங்கள். 75 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. மழை சற்று விட்ட பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை இருக்கிற நேரத்தை மட்டும் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். அன்றைய காற்றில் உலர்ந்தது அதுதான். ஆகவே துவைப்பதை இராத்திரிக்கு வைக்காமல் விடியற்காலையில் முடித்துவிட வேண்டும்.

உலர்த்துவதைவிடப் பிழிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாஷிங் மெஷினில் சுழற்றிப் பிழியும் தொட்டியை நாம் 'டிரையர்' என்கிறோம். பேர்தான் டிரையர், அது உலர்த்துவதில்லை, பிழிகிறது. சூடான காற்றில் உருட்டி உலர்த்தும் நிஜ டிரையர் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? ஆனாலும் இந்தப் பிழியும் தொட்டியைக் குறைவாக எண்ண வேண்டாம். கையால் பிழிந்தால் நிற்கும் தண்ணீரில் பாதியை அது எடுத்துவிடும். மழை நாளில் இரண்டு தடவை சுற்ற விடுங்கள். மெஷின் இல்லாதவர்களுக்கு என் மாமியார் சொன்ன வழி: பிழிந்த துணியைக் காய்ந்த பருத்தித் துண்டின்மேல் பரப்பி, பாய் சுருட்டுவது போல் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று இரண்டு மிதி மிதிப்பது. இந்த வேலைக்கு வீட்டில் குழந்தைகளைக் கூப்பிட வேண்டியதே இல்லை, தானாக ஓடி வருவார்கள்.

இனி என் பாட்டி கதைக்கு வருகிறேன். பாட்டி வீட்டில் கூடத்துக்கு மேலே, எட்டாத உயரத்தில், இரண்டு கயிற்று வளையத்தில் ஒரு முழு மூங்கில் தொங்கும். மடிப் புடவை உலர்த்துவதற்கு. பாட்டி நீளக் கோல் ஒன்றால் புடவையை வீசி ஏற்றி, சுருக்கமில்லாமல் பிரித்து விடுவாள். கூத்து மாதிரி வேடிக்கையாயிருக்கும். 'கிட்டே வராதே, தொடாதே' என்று எங்களை விரட்டிய அந்த ஆசாரம் போனதில் எனக்குத் துளி வருத்தமில்லை. மூங்கிலையும் சேர்த்துத் தொலைத்ததுதான் பிசகு. சூடான காற்று மேலே போகும். கூரையை ஒட்டித்தான் அறையின் உலர்ந்த பாகம். கயிற்றுக் கொடியில் துணியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். கைப்பருமன் மூங்கிலில் நடுவே காற்று ஓடும். கீழே நடமாட இடமும் மிஞ்சும். இப்போது கப்பியும் கயிறும் வைத்து மேலே ஏற்றி இறக்கும் குழாய்ச் சட்டங்களை நகரத்துக் கடைகளில் விற்கிறார்கள். பாட்டியின் மூங்கில்தான், எவர்சில்வர் வேஷம் போட்டு வந்திருக்கிறது!

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கூரையில் ஆணி அடிக்க விடவில்லை. ஆகவே இரண்டு பீரோக்களின் தலைமேல் மூங்கிலைக் கிடத்தி, உருளாமல் கயிற்றால் கட்டியிருக்கிறேன். மூங்கில் விசிறி இறக்கைக்கு எட்டாமல் தள்ளியிருக்க வேண்டும். துணிக்குத் துணி நாலு விரற்கடை இடைவெளி. ஜீன்ஸ் கால்சராயை உள்புறம் வெளியாக்கி, இடுப்பைக் கிளிப்பால் விரித்து, பை மாதிரி தொங்கவிடுவது. போர்வையும் துண்டும் ஒரே நாளில் நனைக்காமல் இருப்பது. இவற்றை நீங்களே செய்துகொண்டிருப்பீர்கள். கஞ்சி போடுவதை மட்டும் தை மாதம் வரை நிறுத்தி வையுங்கள். பூசணத்துக்கு அது பாயசம். கரும்புள்ளி விழுந்துவிட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது.

காய்ந்தும் காயாத துணியில் ஒரு மக்கின வாடை வருகிறதே, அது அழுக்கல்ல. நம்மைப் போலவே சின்ன வீட்டுக்குள் துணி உலர்த்தும் ஜப்பானியர் அதையும் விடவில்லை. மொராக்செல்லா என்ற நுண்கிருமிதான் காரணம் என்று 2012-ல் அங்கே கண்டுபிடித்தார்கள். துணி எத்தனைக்கெத்தனை நேரம் ஈரமாயிருக்கிறதோ அத்தனைக்கத்தனை அது பெருகும். வாசனைத் திரவம் தெளித்தால் மேல் வாடை மாறும், கிருமி போகாது. சாயம் போகாத பருத்தித் துணியை, கை பொறுக்காத வெந்நீரில் அரை மணி ஊறப்போட்டுப் பிறகு துவையுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் இந்த வைத்தியம் ஆகாது.

இரண்டு காரியத்தை மட்டும், மன்றாடிக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

அவசரத்துக்குக் காஸ் அடுப்பின் மேல் துணி பிடிப்பது ஒன்று. நெருப்புப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இது: ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. ஈரத்தை விரட்ட ஈரத்தையே கொண்டுவருகிற கதைதான்! கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகையில் குழந்தைத் துணி உலர்த்தும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. மணம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாத்திய அறையில் கரி நெருப்பு கனிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு வாடையில்லை, நிறமில்லை. தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள்.

இன்னொன்று, கொடிக்கு இரும்புக் கம்பி கட்டுவது. ஒவ்வொரு மழைக் காலத்திலும் பத்திரிகையில் அந்தச் செய்தி வருகிறது: துணி காயப்போடப் போன பெண் மின்சாரம் தாக்கி மரணம், இழுக்கப்போன புருஷனும் மரணம். கம்பியின் ஒரு முனையை மின் இணைப்பு வரும் குழாயிலோ விளக்குக் கம்பத்திலோ கட்டியிருப்பார்கள். ஒரு இடத்தில் உறை தேய்ந்திருந்தால் போதும், கம்பி முழுவதும் மின்சாரம். கம்பத்திலும் இழுவைக் கம்பியிலும் கொடி கட்டாதீர்கள் என்று மின்வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறது. இப்போதே எழுந்து போய் உங்கள் கொடியைப் பாருங்கள். கம்பியாயிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். ஆனால் அது மின் இணைப்புக் குழாயிலோ கம்பத்திலோ கட்டியிருந்தால் நீங்கள் தொடாதீர்கள், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள்; அங்கே வரும் மின்சாரம் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது, ரப்பர் செருப்பையும் நம்ப முடியாது.

அக்கா பேத்தி 2025-ம் வருஷ தீபத்துக்கும் வந்தாள். மழைக் கோட்டோடு கிரிவலம் போய் வந்து, நேரே மூங்கிலுக்குக் கீழே நின்று, "பாட்டி, துண்டை விரி, நான் மிதிக்கணும்" என்றாள். ஈரமெல்லாம் கூடத்தில், குழந்தை தூங்கியது உள் அறையில். ஜன்னல் நாலு விரற்கடை திறந்திருந்தது. புடவைகள் மறுநாள் மத்தியானம் காய்ந்தன. பையனின் ஜீன்ஸ் மட்டும் மூன்றாம் நாள்தான் காய்ந்தது. அதற்கு என்னிடமும் வைத்தியம் இல்லை.