கனமா இருந்தா நல்ல அருவாவா?

அருவா வாங்கப் போறவங்க முதல்ல கேக்குறது, "நல்லா கனமா இருக்கா?"ங்கிறதுதான். புதுசா நிலம் வாங்கியிருக்கிற பட்டணத்து நண்பர்கள் இன்னும் ஒருபடி மேல. ஆன்லைன்ல படம் பாத்து, கத்தி முதுகு எத்தனை மில்லிமீட்டர்னு பாத்து, இருக்கிறதுலயே தடிமனானதை ஆர்டர் போடுறாங்க. தடிமன் கூடுனா உறுதி, உறுதியா இருந்தா வேலை ஓடும்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்புங்கிறது என் கட்சி. முப்பது வருஷத்துக்கு மேல அருவா பிடிச்ச கை சொல்லுது.

நம்ம பேச்சுலயே ஒரு குழப்பம் இருக்கு. தடிமனுக்கும் 'கனம்'னுதான் சொல்றோம், எடைக்கும் 'கனம்'னுதான் சொல்றோம். கொல்லர் பட்டறையில இது ரெண்டும் வேற வேற. தடிமனை அவங்க நூல் கணக்குல சொல்லுவாங்க. ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, ஏறக்குறைய மூணு மில்லிமீட்டர். எடையைப் பத்திப் பேசும்போது, "பாரம் எங்க நிக்குது?"னு கேப்பாங்க. எவ்வளவு எடைங்கிறதை விட அது எந்த இடத்துல நிக்குதுங்கிறதுதான் அருவாவுல பெரிய விஷயம்.

பத்தாவது வரைக்கும் படிச்சவங்களுக்கு ஒரு பாடம் ஞாபகம் இருக்கும். ஓடுற பொருளோட ஆற்றல், எடை ரெண்டு மடங்கானா ரெண்டு மடங்கு ஆகும். வேகம் ரெண்டு மடங்கானா நாலு மடங்கு ஆகும். வெட்டுக்கும் அதேதான். தூக்கவே சிரமப்படுற அருவாவை வேகமா வீச முடியாது. கைக்கு அடங்குன அருவாவை வீசலாம். அதனால லேசான அருவா பல நேரம் ஆழமா இறங்கும்.

இன்னொண்ணும் இருக்கு. தடிமனான இரும்பு மரத்துக்குள்ள போனா ஆப்பு மாதிரி நிக்கும். விறகைப் பிளக்கணும்னா அது நல்லது, அதுக்குத்தான் கோடாலி இருக்கு. கிளையைக் குறுக்க வெட்டுறதுக்கு ஆப்பு உதவாது. பாதி இறங்கி மாட்டிக்கும், இழுத்து இழுத்தே மணிக்கட்டு போயிரும்.

அப்போ மெல்லிசா இருந்தா போதுமான்னா, அதுவும் இல்ல. எதை வெட்டப் போறோம்ங்கிறதைப் பொறுத்தது. மத்திய அமெரிக்காவுல கரும்பு, புல், பச்சைச் செடி வெட்டுற மச்செட்டி ரெண்டு மூணு மில்லிமீட்டர் தகடுதான். பச்சைத் தண்டுக்கு அந்த வேகம் போதும். நேபாளத்துக் குக்ரி அப்படி இல்ல. முதுகு தடிமன், வயிறு அகலம், பாரம் முன்னால நிக்கும். அது கட்டை வெட்டுற கத்தி. எங்க சிவகங்கைச் சீமையில வெட்ட வேண்டியது சீமைக்கருவேலம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுற மரம் அதுதான். பச்சையா இருக்கும்போதே கெட்டி, காஞ்சா கல்லு. அதுக்கு மெல்லிசான தகடு ஆகாது, வாய் மடங்கிரும்.

இங்கதான் கொல்லரோட கைவேலை வருது. நல்ல வெட்டருவாவோட முதுகை மேல இருந்து பாருங்க. பிடிகிட்ட ரெண்டு ரெண்டரை நூல் இருக்கும். மூக்கை நோக்கிப் போகப்போகக் குறைஞ்சு ஒரு நூலுக்கு வந்திருக்கும். முதுகுல இருந்து வாய்க்கும் அதே மாதிரி சரிவு. அடி தாங்குற இடத்துல இரும்பு இருக்கும், தேவையில்லாத இடத்துல இருக்காது. பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி, சம்மட்டியால அடிச்சு நீட்டி இதைக் கொண்டு வர்றாங்க. கடையில தொங்குற ரெடிமேட் அருவா நிறைய, ஒரே தகடுல வெட்டி எடுத்தது. பிடியிலயும் மூக்குலயும் ஒரே தடிமன். கையில வாங்குனதும் மூக்கு கீழ இழுக்கும்.

எங்க பக்கத்துத் திருப்பாச்சேத்தி அருவாவைச் சினிமா ஆயுதமாக்கிருச்சு. கருப்பசாமிக்கு நேந்துவிடுற அருவா ஆள் உயரம் கூட இருக்கும், அது சாமிக்கு. ரெண்டையும் பாத்துட்டு 'பெருசுதான் நல்லது'னு நெனைச்சுக்கிறோம். வேலை செய்யுற அருவாவை யாரும் போட்டோ எடுக்குறதில்ல.

வாங்கும்போது நான் பாக்குறது நாலு விஷயம்.

முதல்ல, அருவாவைப் படுக்க வச்சு ஒத்தை விரல்ல நிறுத்திப் பாப்பேன். முள்ளு வெட்டுற அருவான்னா, பிடிக்கு முன்னால நாலு விரக்கடை தள்ளிப் பாரம் நிக்கணும். வாழை கழிக்க, இளநி சீவன்னா ரெண்டு விரக்கடை போதும். பிடியிலயே நின்னா வெட்டு இறங்காது.

ரெண்டாவது, கையை நீட்டிப் பிடிச்சு இருபது எண்ணணும். அதுக்குள்ள மூக்கு தொங்குனா அது நம்ம அருவா இல்ல. ஓங்கி வீசி, நெனைச்ச இடத்துல நிறுத்த முடியுதான்னும் பாக்கணும். நிறுத்த முடியாத அருவா கிளையைத் தாண்டி வந்து நிக்குற இடம் நம்ம முழங்கால்.

மூணாவது, தோய்ச்சல். வாயில அரத்தை வச்சு ஒரு இழுப்பு. அரம் வழுக்கிட்டுப் போனா ரொம்பக் கெட்டி, காஞ்ச கட்டையில வாய் தெறிக்கும். களிமண்ணை வழிக்கிற மாதிரி வழிச்சா வாய் மடங்கும். லேசாக் கடிச்சுப் பிடிக்கணும். பட்டறையில வாயை மட்டும் தண்ணியில முக்கி எடுப்பாங்க. முதுகுல மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும்போது வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம்னு நிறம் ஓடும். எந்த நிறத்துல மறுபடி முக்குறதுங்கிறதுலதான் வாயோட ஆயுசு இருக்கு. முதுகு எத்தனை மில்லிமீட்டரா இருந்தாலும், இது தப்புனா அருவா வெறும் இரும்புதான்.

நாலாவது, பிடி. சுத்திப் பிடிச்சா விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டும் தொடாம இருக்கணும். பிடி பெருத்துப்போனா இறுக்கிப் பிடிச்சே கை வலிக்கும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, அருவா வாங்குறவர் ஒருத்தர், பிடிக்கிறவர் வேறொருத்தர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்குப் பத்து வெட்டு, அஞ்சு மணி நேரம் வேலை. மூவாயிரம் வெட்டு ஆச்சு. அருவா தேவைக்கு மேல கால் கிலோ கூட இருந்தா, சாயங்காலத்துக்குள்ள எழுநூத்தம்பது கிலோ, அதாவது முக்கால் டன், சும்மா தூக்கியிருக்கார். கூலி அதுக்கும் சேத்தா குடுக்குறோம்? முள்ளுவெட்டுக்கு வர்ற பொம்பளையாளுக நிறையப் பேரு, ஆம்பளைக்கு அடிச்ச அருவாவைத்தான் பிடிக்கிறாங்க. தோள்பட்டை பிடிச்சிருச்சுன்னு தைலம் தேய்க்கிறதைப் பாக்குறோம். வயசாயிருச்சுன்னு சொல்றோமே தவிர, அருவாவை ஒருத்தரும் எடுத்துப் பாக்குறதில்ல.

பண்ணைக்கு மொத்தமா அஞ்சு அருவா வாங்கிப் போடுறவங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். ஒரே அளவுல வாங்காதீங்க. பக்கத்து ஊர்ல உலை எரியுற பட்டறை இருக்கான்னு விசாரிங்க. வேலை செய்யப் போறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. என்ன மரம்னு சொல்லுங்க, அவங்க கையைக் காட்டச் சொல்லுங்க. கொல்லர் கை பாத்து அடிச்சுத் தருவார். ரெடிமேடை விடக் கொஞ்சம் கூட ஆகும், ஒரு வாரம் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். கூட ஆகுற காசை அருவாக் கணக்குல எழுதாதீங்க, கூலிக் கணக்குல எழுதிக்கோங்க.