மட்டையின் நரம்பும் கையின் நரம்பும்

யாழில் கட்டிய தந்திக்கும் தமிழில் நரம்பு என்றே பெயர். உடலுக்குள் ஓடுவதற்கும் அதே பெயர். இறகுப்பந்து மட்டைக்கு நரம்பு தேர்ந்தெடுப்போர் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகின்றனர், இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். 'எத்தனை பவுண்டு?' என்பதே ஆடுகளத்தில் எழும் முதற்கேள்வி. 28 என்று சொல்பவருக்கு மதிப்பு. 21 என்று சொல்பவருக்கு ஏளனம். கை தாங்குமா என்று எவரும் கேட்பதில்லை.

கோலார் தங்கவயலில் இக்கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அவர்களுக்கு விடுமுறை நாளில் மட்டை பிடிக்கும் கையே மறுநாள் கணினியையோ திருகாணியையோ கையாளும் கை. ஊதியம் வாங்கும் ஆட்டக்காரருக்கு உடற்பயிற்சி மருத்துவர் உண்டு. முழங்கை வலியோடு ரயிலில் நின்று செல்பவருக்கு அந்த வசதி இல்லை.

மட்டையில் நிகழ்வது எளிய இயற்பியலே. நரம்புவலை ஒரு வில்சுருள் போன்றது. இறுக்கம் குறைந்தால் அது சற்று அதிகமாகக் குழியும்; இறகுப்பந்து வலையில் தங்கும் நேரம் நீளும்; அதே மோதல் நீண்ட நேரத்திற்குப் பரவுவதால் உச்ச விசை குறையும். இறுக்கம் கூடினால் தொடுநேரம் சுருங்கி அதிர்வு கூர்மையாகும். மேலும் முக்கியமானது, வலையில் நன்றாக எதிர்வினை தரும் நடுப்பகுதியும் சுருங்கிவிடும் என்பது. நாள்தோறும் பல மணிநேரம் பயில்பவரின் அடி நடுவிலேயே விழும். வாரம் ஒருமுறை ஆடுபவரின் அடி விளிம்புக்கு விலகும். விலகிய ஒவ்வோர் அடியும் சட்டத்தை முறுக்கிக் கைப்பிடி வழியே முழங்கைக்கு வந்து சேரும்.

ஐந்து கிராம் எடையுள்ள இறகுப்பந்தால் கைக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஆடப்படும் பூப்பந்தின் கம்பளிப் பந்து 27 கிராமுக்குக் குறையாது. அதனோடு ஒப்பிட்டால் இறகுப்பந்தின் ஒற்றை மோதல் சிறியதே. ஆனால் கேடு ஒற்றை மோதலில் இல்லை. நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நிகழ்வதில் இருக்கிறது. இறுகிய வலையில் பந்து தொலைவு செல்லாதபோது, பயிற்சி குறைந்தவர் பிடியை இறுக்கி முழு வலிமையோடு வீசுகிறார். மணிக்கட்டை உயர்த்தும் தசைநாண் முழங்கையின் வெளிப்புறத்தில் எலும்போடு இணையும் இடமே அந்தச் சுமையைத் தாங்குகிறது. 'டென்னிஸ் எல்போ' எனப்படும் வலி தோன்றும் இடம் அதுவே. தசைநாண் மெல்லவே ஆறும். மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

நரம்பின் தடிமன் குறித்தும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. யோனெக்ஸ் நிறுவனத்தின் பிஜி 65 நரம்பு 0.70 மில்லிமீட்டர், பிஜி 80 நரம்பு 0.68. வேறுபாடு வெறும் 0.02 மில்லிமீட்டர். ஆயினும் முன்னது மென்மையானது, பின்னது கடினமானது என்றே அந்நிறுவனம் வகைப்படுத்துகிறது. காரணம் இழையின் பொருளும் அமைப்பும். தடிமன் பெரும்பாலும் நீடித்த உழைப்பைத் தரும். மென்மையைப் பொருளும், அனைத்திற்கும் மேலாக இறுக்கமும் தீர்மானிக்கும். எனவே, மென்மையான பல்லிழை நைலானை 20 முதல் 22 பவுண்டுக்குள் கட்டுவது பெரும்பாலான பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்குப் போதுமானது. கட்டுப்பாடு குறைகிறது என்று தோன்றினால் ஒவ்வொரு பவுண்டாக உயர்த்தலாம். வலி தோன்றினால் அவ்வாறே இறங்கலாம்.

நரம்பு மட்டுமே மருந்து என்று வாதிடுவதும் பிழையாகும். சட்டத்தின் விறைப்பு, கைப்பிடியின் பருமன், தேய்ந்துபோன பிடிச்சுற்று, தவறான வீச்சு ஆகியவையும் பங்கு வகிக்கின்றன. வலி தொடர்ந்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுவதே முறை. ஆனால் இவற்றுள் வீச்சைத் திருத்த ஆண்டுகள் ஆகும்; புது மட்டைக்கு ஆயிரங்கள் ஆகும். அடுத்தமுறை நரம்பு கட்டும்போது இறுக்கத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் கூடுதல் செலவே இல்லை.

தங்கவயலுக்கு அதிர்வு புதிதன்று. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், அழுத்தம் மிகுந்த பாறை திடீரென வெடித்துச் சிதறி உயிர்களைப் பறித்தது. பாறையின் இயல்பை ஆராய 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இவ்வூரிலேயே தொடங்கப்பட்டது. ஆனால் அழுத்தக் காற்றில் இயங்கும் துளைக்கருவி அதைப் பிடித்திருப்பவரின் விரல்களை என்ன செய்யும் என்பதை, இந்தியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் தொழிலாளரிடம் 1918இலேயே ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்திருந்தார். விளையாட்டை அந்தத் துயரத்தோடு ஒப்பிட இயலாது. எனினும் உடல் வலியைப் பொறுப்பதே வீரம் என்ற எண்ணம் சுரங்கத்தோடு மூடப்படவில்லை. ஆடுகளத்தில் அது பவுண்டுக் கணக்காக உயிர்வாழ்கிறது. கல்லூரி உடற்கல்வித் துறைகளும் பயிற்சியாளர்களும் முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கணக்கையே.